செபஸ்தியம்மாவின் வாய் அடங்கிய விதம்

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் செபஸ்தியம்மாவைத் தெரியாதவர் எவருமில்லை. தெரிந்துகொள்ள அவரை நேரில் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கீழ் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நின்றாலே கேட்கும். கொழுந்து பறிப்பதில் அவர் நடுத்தரம். திட்டுவதில் அவருக்கு நிகர் ஊவா மாகாணத்தில் இல்லை என்பது மேல்பிரிவின் முடிந்த முடிவு. மழையைத் திட்டுவார், மழை நின்றால் வெயிலைத் திட்டுவார். பைப்பில் தண்ணீர் வராவிட்டால் பைப்பைத் திட்டுவார். மாதா கோயிலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மாதாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது காரணம்.

இவ்வளவு பெரிய கலைக்கு ஓர் எதிராளி வேண்டாமா? ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவில் குடியிருந்த பெரியாயி அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார். லயத்துக்குப் பின்னால் செபஸ்தியம்மா போட்டிருந்த போஞ்சிக்காய்ப் பாத்தியும், பெரியாயி வளர்த்த கோழிகளும் அடிப்படைப் பிரச்சினை. கோழி பாத்திக்குள் காலை வைத்தவுடன் நிகழ்ச்சி தொடங்கும்.

"ஏன்டி பெரியாயி, ஒன் கோழிக்கு வீட்ல சோறு போடுறதில்லியா? ஒன்னைய மாதிரியே அடுத்தவன் சட்டியப் பாத்துத் திரியுது."

"ஆமாடி, ஒன் போஞ்சிய ஆடு கூட மோந்து பாக்காது. என் கோழி போனா போகுதுன்னு வாயில வைக்குது. அதுக்கு நீதான் கும்புடு போடணும்."

இருவரும் சிறு வயதில் ஒன்றாகத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர்கள். ஒருத்தி அம்மனுக்கு விளக்கு வைத்தாள், மற்றவள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். சண்டையில் மத வேறுபாடு பார்க்கப்படவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, கஞ்சி நன்றாக இல்லை என்று சொன்னதற்காகச் சண்டை போடுவார்.

இந்த வாய்க்கும் ஓர் எல்லை இருந்ததைப் பதிவு செய்வது கடமை. காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் செபஸ்தியம்மா பேச மாட்டார். யாருமே பேச மாட்டார்கள். துரை வந்து, "ஆட்களுக்கு ஏதும் கரைச்சலா?" என்று கேட்பார். கேள்வி ஆட்களைப் பற்றியது. பதில் ஆட்களை மேய்க்கும் கபிரியேல் கங்காணியினுடையது. "ஒண்ணும் இல்லைங்க தொரை, எல்லாம் நல்லா இருக்காங்க" என்பார் அவர். பின்னால் நிற்கும் கூட்டம் தலையாட்டும். இருமுகிறவளும் தலையாட்டுவாள், இரவில் புருஷனிடம் அடி வாங்கியவளும் தலையாட்டுவாள். நல்லா இருக்கிறோமா இல்லையா என்று தங்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு தலைமுறை நிம்மதியாக வேலை செய்து ஓய்ந்தது. இந்த ஏற்பாட்டின் அருமை பின்னால்தான் விளங்கியது.

பென்சன் காலத்தில் ஒருநாள் செபஸ்தியம்மா லயத்துச் சாக்கடைக் கானில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். விழுந்த இடத்திலிருந்து கானைத் திட்டினார். தூக்க வந்தவர்களைத் தூக்கிய விதத்துக்காகத் திட்டினார். பதுளை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து, நடக்க நாளாகும் என்று சொன்னார்கள். ஒரே மகன் ஜேசன், வெலிமடையில் லீக்சும் கரட்டும் மொத்தமாக வாங்கி லொறி ஏற்றுகிறவன். அவன் மனைவி சஜீவனி ஆடை தைக்கும் காமென்ட் வேலைக்கு விடிய முன் கிளம்பி இருட்டிய பின் வருகிறவள். படுக்கையில் கிடக்கும் தாயை யார் புரட்டிப் படுக்க வைப்பது? ஜேசன் கெட்டவன் அல்ல. நாலு இடத்தில் விசாரித்தான். பதுளைக்கு வெளியே, மாடி வீட்டில் நடந்த 'அமைதி அகம்' என்ற முதியோர் இல்லத்தைப் பலரும் மெச்சினார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அமைதி அகத்தின் நிர்வாகம் பலருக்குப் பாடமாகக் கூடியது. அங்கே படுக்கைகள் நனைவதில்லை; பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதில்லை, எனவே நனைவதற்கு வழியில்லை. அங்கே யாரும் கட்டிலிலிருந்து விழுவதில்லை. விழுவதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டும். இரவில் கூப்பிடுகிறவர்களால் அடுத்தவர் தூக்கம் கெடுவதில்லை; மாலையிலேயே எல்லோருக்கும் ஒரு கரண்டி சிரப் உண்டு. பார்க்க வருகிறவர்கள் முதல் நாள் போன் பண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். வந்தால் முன் அறையில் பிளாஸ்டிக் பூ வைத்த மேசை, அதன் பக்கத்தில் சக்கர நாற்காலி, அதில் தலை வாரி, பவுடர் பூசி, கழுத்து வரை சால்வை போர்த்திய உங்கள் தாய். பக்கத்தில் இல்லத்தை நடத்தும் மேட்றன்.

"அம்மா எப்படி இருக்கீங்க?" என்று ஜேசன் கேட்பான்.

"நல்லா இருக்காங்க தம்பி. காலையில இடியப்பம் சாப்பிட்டாங்க" என்பார் மேட்றன்.

"தூக்கம் வருதா அம்மா?"

"சுகமாத் தூங்குறாங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

செபஸ்தியம்மா தலையாட்டுவார்.

இதில் ஜேசனுக்கு விசித்திரம் எதுவும் தெரியவில்லை. தெரிவதற்கு நியாயமும் இல்லை. அவன் தாயைக் குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வேறொருவர் பதில் சொல்வதைப் பார்த்துத்தான் அவன் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்காக அவன் மாமா பேசினார். வங்கியில் அம்மாவுக்காக அவன் பேசினான். பொறுப்பானவர்கள் பேசுவார்கள், சம்பந்தப்பட்டவர்கள் தலையாட்டுவார்கள். உலகம் சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதைவிட அவனைக் கவர்ந்தது தாயின் புதிய குணம். வெலிமடைக் கடையில் லொறிக்காரர்களிடம் சொன்னான்: "எங்கம்மா வாயப் பத்தித் தெரியுமில்ல? இப்ப ஒரு சத்தம் இல்ல. கரட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன், என்னா கரட்டு இது கட்ட மாதிரின்னு கூட கேக்கல. நல்ல எடம்பா அது."

கரட்டு எங்கே போனது என்று அவனும் கேட்கவில்லை. தாயின் முன்பற்கள் இரண்டைக் காணோம். கழுத்தில் எப்போதும் கிடக்கும் ஜெபமாலையைக் காணோம். கன்னம் உள்ளே போயிருந்தது. பவுடர் மணத்துக்கு அடியில் வேறொரு மணம் இருந்தது. வயதானால் இப்படித்தான் என்று மேட்றன் விளக்கினார். பொறுப்பான விளக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்வை சற்று விலகியபோது கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்புகள் தெரிந்தன. சில இடங்களில் புதிய சிவப்பு.

"இது என்னங்க?" என்றான்.

"அட்டை தம்பி. தோட்டத்தில கெடந்த ஒடம்பு இல்லியா."

அட்டை. அந்தச் சொல் கேட்டதும் ஜேசனின் மனம் லேசானது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த தாயின் கால் அதுதான். மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை இறக்கிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அட்டையைப் பிய்த்துப் போட்டு, கடிவாயில் சுண்ணாம்பு வைக்கும் கால். தழும்பில்லாத காலைத் தாயிடம் அவன் கண்டதே இல்லை. அடுத்த தடவை துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கிவந்தான். கொழுந்து பறிக்கிற பெண்கள் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் பூசுவது அதுதானே. மேட்றன் நன்றியோடு பெற்றுக்கொண்டார். சீமெந்துத் தரை போட்ட மாடியில், ஆடிக் காற்றில் புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில், அட்டை படியேறி வந்த வீரத்தைப் பற்றி இருவரும் யோசிக்கவில்லை.

மேல்பிரிவில் இதற்கிடையே ஒரு பேரிடர் நடந்துகொண்டிருந்தது. பெரியாயிக்குத் திட்டு வாங்க ஆளில்லை. கோழிகள் போஞ்சிப் பாத்தியை வேரோடு கிளறிப்போட்டன, கேட்க நாதியில்லை. மருமகளைத் திட்டிப் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டு "சரி மாமி" என்றாள். இது ஒரு வாழ்க்கையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியாயி வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பாத்தி அழிந்த நல்ல செய்தியையும் சுமந்துகொண்டு, பதுளை பஸ் ஏறினார்.

முன் அறையில் பார்த்தார். சால்வை, பவுடர், மேட்றன்.

"செபஸ்தி, என்னடி துரைச்சாணி மாதிரி ஒக்காந்திருக்க?"

"அம்மா சந்தோசமா இருக்காங்க" என்றார் மேட்றன்.

காலையும் பார்த்தார். அட்டை என்று பதில் வந்தது. பெரியாயியும் தலையாட்டினார் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. ஆயுசு முழுக்க அட்டைக்கு இரத்தம் கொடுத்த கால் அவருக்கும் உண்டு. "சுண்ணாம்பு வைங்க" என்று யோசனை சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பஸ்சில் வரும்போது ஏதோ குறைந்தது. சாமான் எதையோ அங்கே விட்டுவிட்டு வந்ததுபோல மடியைத் தடவித் தடவிப் பார்த்தார். இறங்கிய பிறகுதான் பிடிபட்டது. கொண்டுபோன செய்தியைச் சொல்லவே இல்லை. சொல்ல இடம் கிடைக்கவில்லை. தான் எது கேட்டாலும் அந்தப் பொம்பளைதான் பதில் சொன்னாள். மறு ஞாயிறு திரும்பவும் போனார். இந்தத் தடவை மேட்றனைப் பார்க்கவே இல்லை. நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்து, செபஸ்தியம்மாவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னார்:

"ஒன் போஞ்சிப் பாத்தி முழுசையும் என் கோழி தின்னுருச்சுடி. வேரையும் விடல. நான்தான் தொரத்தி விட்டேன், போய்த் தின்னுன்னு. நல்லாத் தின்னுச்சு. என்னா செய்வ?"

உலகில் செபஸ்தியம்மா என்று ஒருத்தி உயிரோடு இருந்தால் இதற்குப் பதில் வராமல் இருக்க வழியில்லை. பெரியாயி காத்திருந்தார். செபஸ்தியம்மாவின் உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திருப்பி மேட்றனைப் பார்த்தார். பெரட்டுக் களத்தில் துரை கேட்டதும் கங்காணியின் முதுகைப் பார்ப்பது போல.

"அம்மாவுக்குக் கோவமெல்லாம் இல்ல" என்றார் மேட்றன், அன்பாக.

பெரியாயி எழுந்தார். இப்போது தழும்பைத் திரும்பப் பார்த்தார். அட்டை கடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிக்கும். இரண்டு காலிலும் கொலுசு போட்டது மாதிரி வரிசை பிடித்துக் கடிக்காது. போன வாரமும் இது கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

நேரே வெலிமடைக்குப் போனார். ஜேசன் லொறியில் லீக்ஸ் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், ஒங்கம்மாவக் கட்டிப் போடுறாளுக."

"அட்டை அத்தை அது. மேட்றன் சொன்னாங்களே."

"நீ அட்டையப் பாத்ததே இல்லியாடா? எங்க, ஒன் காலக் காட்டு. ஒன் கால்ல எத்தன வாட்டி நான் புடுங்கியிருக்கேன்."

ஜேசன் கட்டைக் கீழே வைத்தான். முகத்தைத் துடைத்தான். "அட்டை இல்லன்னா நான் என்னா செய்யட்டும் அத்தை? சொல்லுங்க. வீட்ல யாரு இருக்கா?"

அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. அட்டை என்றால் சவர்க்காரம் போதும். அட்டை இல்லையென்றால் தாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மனிதன் சவர்க்காரத்தைத் தேர்ந்தெடுத்தான்.

பெரியாயி முதியோர் நலன் பார்க்கும் அரச அலுவலகத்தில் போய் முறையிட்டார். அதிகாரி ஒருவர் மிகுந்த அக்கறையோடு கேட்டு, இல்லத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, குறித்த நாளில் போய்ப் பார்த்தார். சுவர் வெள்ளையடித்திருந்தது. கட்டில்களில் புது விரிப்பு. எல்லாரும் எப்படி என்று கேட்டார், நல்லா இருக்காங்க என்றார் மேட்றன், எல்லாரும் தலையாட்டினார்கள். தோட்டத்து லயங்களுக்குப் பெரியவர்கள் வருகை தரும் முதல் நாள் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்திருந்த பெரியாயிக்கு முடிவைக் கேட்டு ஆச்சரியம் ஏற்படவில்லை.

மிஞ்சியது பொய் ஒன்றுதான். திரும்பவும் ஜேசனிடம் போனார்.

"மாதா திருவிழாவுக்கு அம்மாவத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. ஒரு நாளைக்கு. தேர்ல செபஸ்தி ஜெபமாலை சொல்றது வழக்கம்னு சொல்லு. நீ சொல்லலேன்னா ஒன் கடை வாசல்ல ஒக்காந்து எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் கத்துவேன். எனக்கு நெறையத் தெரியும் தம்பி."

இப்படித்தான் அம்மனைக் கும்பிடும் ஒருத்தி மாதாவின் பெயரால் பொய் சொல்லி, ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், வாடகை வேனில் செபஸ்தியம்மாவை மேல்பிரிவுக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் அவர் தண்ணீர் கேட்கவில்லை; போத்தலை வாயில் வைத்ததும் விடவுமில்லை. லயத்துக்குப் பின்னால் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்ட பெரியாயியும் மருமகளும் உடுப்பை அவிழ்த்தார்கள். முதுகுப் பக்கம் துணி ஒட்டிக்கொண்டு வரவில்லை. நனைத்து, ஊறவைத்து எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. மருமகள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பெரியாயி குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கத்தேன்டி" என்றார் கடைசியில். "வலிக்குதுன்னாவது கத்தேன்டி."

செபஸ்தியம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். பதில் சொல்ல ஆள் யாரும் வரவில்லை.

அதே வேன் பதுளை ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. ஜேசனும் வந்து சேர்ந்தான். வார்டில் டொக்டர் ஷம்ரா என்ற இளம்பெண். காயத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, காலுக்கு என்ன நடந்தது?"

"அட்டைங்க டொக்டர்" என்றான் ஜேசன். "தோட்டத்து ஆளுங்க, அது வழமை."

"நான் அம்மாகிட்ட கேட்டேன்."

செபஸ்தியம்மா மகனைப் பார்த்தார். மகன் குனிந்துகொண்டான். பெரியாயியைப் பார்த்தார். பெரியாயிக்கு வாய் முட்ட வந்துவிட்டது. ஆனாலும் சுவர் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

டொக்டர் அவசரப்படவில்லை.

"கட்டிப் போட்டாங்க" என்றார் செபஸ்தியம்மா. குரல் துருப்பிடித்த கதவு போல வந்தது. "கிழிஞ்ச சேலையால. தண்ணி கேட்டா கட்டுவாங்க."

"அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம்..." என்று தொடங்கினான் ஜேசன்.

"வாய மூடுறா நாயே. கட்ட மாதிரி கரட்டத் தூக்கிட்டு வந்து, எந்தக் கழுத தின்னுச்சுன்னு கேட்டியாடா..."

மிச்சம் அச்சில் ஏறாது. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். தாதிமார் வந்து நின்றார்கள். ஜேசன் நின்ற இடத்திலேயே அழுதான். சுவர் பக்கம் திரும்பி நின்ற பெரியாயிக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று யாரும் கேட்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு பதிவானது. விசாரிக்கிறார்கள். அமைதி அகத்தில் உடனடி நடவடிக்கையாக அட்டைக்கு மருந்து தெளித்ததாகக் கேள்வி.

காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. காயத்தின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டொக்டர். கடைசி நாட்களில் பெரியாயி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார்: "கோழியெல்லாம் கட்டிப் போட்டுட்டேன் செபஸ்தி. புதுசா போஞ்சி நட்டிருக்கேன். ஒண்ணும் கிண்டாது."

செபஸ்தியம்மா கண்ணைத் திறந்தார். "ஏன்டி கட்டுன, மூதேவி. அவுத்து விடு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பெட்டியில் வைக்கும்போது வழக்கப்படி கைக்கு வெள்ளை உறையும் காலுக்கு வெள்ளை மேஸும் வாங்கி வந்திருந்தான் ஜேசன். உறையைப் போட்டார்கள். மேஸைப் பெரியாயி கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அத்தை, சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

கோயிலுக்குத் தூக்குமுன் மேல்பிரிவு முழுக்க வரிசையாக வந்து முகத்தைப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டு, கால்மாட்டில் வந்து ஒரு கணம் நின்று போனது. வரிசையில் கபிரியேல் கங்காணியும் வந்தார். இப்போது தடி ஊன்றி நடக்கிறார், கண் மங்கல். மகன் றிச்சர்ட் கையைப் பிடித்திருந்தான். கொழும்பில் வேலை. அப்பாவுக்கும் பதுளையில் ஓர் இடம் பார்த்திருப்பதாக, வந்திருந்தவர்களிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். எந்த இடம் என்று பெரியாயி கேட்டு வைத்திருந்தார்.

"கங்காணி, நீங்களும் அமைதி அகத்துக்குப் போறீங்களாமே?"

"ஆமாங்க" என்றான் றிச்சர்ட். "அப்பாவுக்கு நல்ல விருப்பம். நல்லாப் பாத்துக்குவாங்க. இந்த அம்மா விசயம் ஏதோ..."

"நான் கங்காணியத்தான் கேக்குறேன்."

எத்தனையோ பேருக்காக எத்தனையோ காலைகளில் பதில் சொன்ன மனிதர், தன்னைப் பற்றிக் கேட்டதும் தடுமாறினார். தலை மெல்ல மகன் பக்கம் திரும்பியது. தலையாட்டுவதற்கு ஆயத்தமாக இருந்தது.

"மகனப் பாக்காதீங்க கங்காணி" என்றார் பெரியாயி. "காலப் பாருங்க."

கங்காணி குனிந்தார். கண் மங்கலானதால் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. வரிசை பின்னால் நின்றது. கறுத்த வளையத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்பா, வாங்க, ஆளுங்க நிக்கிறாங்க. அங்க எல்லாம் பேசியாச்சு..."

கங்காணி கையைத் தூக்கினார். பெரட்டுக் களத்தில் கூட்டத்தை அடக்கும் பழைய கை. றிச்சர்ட் நிறுத்தினான்.

"நான் போகல" என்றார்.

மகனிடம் சொன்னாரா, பெரியாயியிடம் சொன்னாரா என்று தெரியாது. பார்வை காலை விட்டு எழவில்லை.